சாரணர் வரலாறும் காலப்பேழையும்: துணைநின்றோருக்கு நன்றி மடல்

அன்பிற்குரிய பெற்றோர்களுக்கும், மூத்த சாரண ஆசிரியர் ஐயா அவர்களுக்கும், நூலகர் அம்மா அவர்களுக்கும், பட்டறை நண்பருக்கும் வணக்கம்.

எட்டு வாரங்களாக நம் பிள்ளைகள் படித்துவந்த சாரணர் இயக்க வரலாறு, சென்ற ஞாயிறன்று, பல ஆண்டுகள் கழித்துத் திறந்து பார்ப்பதற்கான ஒரு காலப்பேழையை மூடியதோடு நிறைவுற்றது. அன்று எல்லோருக்கும் முறையாக நன்றி சொல்ல வாய்க்கவில்லை. சொன்ன சில சொற்களும் பிள்ளைகளின் ஆரவாரத்தில் கரைந்துபோயின. ஆகவே இம்மடல்.

1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் சாரணர் இயக்கத்தின் நிறுவனர் பேடன் பவல் நடத்திய முதல் முகாமைப் பற்றி நான் பாடம் எடுத்தபோது பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அடுத்த வாரம் ஐயா வந்தார். ஆண்டையும் பெயரையும் ஒதுக்கிவிட்டு, நான்கு நிறக் கம்பளி நூல்களை மேசைமேல் வைத்தார். ஓநாய் அணிக்கு நீலம், காளைக்குப் பச்சை, அண்டங்காக்கைக்குச் சிவப்பு, நீண்ட அலகுடைய ஒரு கரைப்பறவைக்கு மஞ்சள். அம்முகாமில் சிறுவர்கள் தோளில் அணிந்த அடையாளங்கள் அவை. செல்வர்களுக்கான பள்ளிகளில் படித்தவர்களும் எளிய குடும்பத்துப் பிள்ளைகளுமாக ஏறத்தாழ இருபது பேர், வீட்டுப் பெருமையை மறந்து ஒரே நூலின் நிறத்தால் அறியப்பட்டார்கள் என்று அவர் சொல்லி முடிப்பதற்குள், நம் பிள்ளைகள் நூலுக்காகச் சண்டையிடத் தொடங்கிவிட்டார்கள். வரலாறு அன்றுதான் அவர்களைப் பிடித்துக்கொண்டது.

தம் இளமையில் சாரணியராக இருந்த ஒரு தாய், 1909இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் நடந்த சாரணர் பேரணிக்கு அழைப்பின்றியே வந்து நின்ற சிறுமிகளின் கதையைச் சொன்னார். அடுத்த ஆண்டே பெண்களுக்கெனத் தனி இயக்கம் பிறந்து, பேடன் பவலின் தங்கை ஆக்னஸ் அதற்குத் தலைமையேற்றார் என்று கேட்டபோது நம் சாரணியர் முகங்களில் தோன்றிய பெருமிதத்தை அவரும் பார்த்திருப்பார்.

இனி நூலகர் அம்மா. பேழைக்கென்று பிள்ளைகள் கொண்டுவந்தவற்றில் பாதியை அவர் திருப்பி அனுப்பியபோது எனக்கே சற்று மனத்தாங்கல்தான். கடிதக் கட்டிலிருந்த ரப்பர் வளையத்தைக் கழற்றினார். அது இளகித் தாளோடு ஒட்டிக்கொள்ளுமாம். குண்டூசிகளைத் துரு பிடிக்கும் என்றும், கைவிளக்கின் பேட்டரியைக் கசியும் என்றும் விலக்கினார். செய்தித்தாள் நறுக்குகளை அமிலமற்ற தாளில் நகலெடுக்கச் செய்தார். ஒரு சிறுவன் நீட்டிய பென் டிரைவை மறுக்காமல், தம் பையிலிருந்து பழைய ஃபிளாப்பி வட்டு ஒன்றை எடுத்து, “தம்பி, இதில் என்ன இருக்கிறதென்று பார்த்துச் சொல்” என்றார். அவன் மறுவாரம் படங்களை அச்சிட்டுக் கொண்டுவந்தான். அமெரிக்காவின் டல்சா நகரில் 1957இல் நிலத்தடி அறையில் புதைத்த புத்தம்புதிய கார், 2007இல் திறந்தபோது நீரில் ஊறித் துருவேறிக் கிடந்த கதையையும் அவரே சொல்லி, மண்ணில் புதைக்கும் ஆசையை விடச்செய்தார்.

பட்டறை நண்பர் எவர்சில்வர் பெட்டி செய்து தந்ததோடு, மூடியைப் பற்றவைத்தால் உள்ளிருக்கும் தாள் கருகக்கூடும் என்று எச்சரித்து, வாஷர் வைத்துத் திருகாணியால் முடுக்கும்படி அமைத்தார். ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களும் அவர் தந்தவையே. பெற்றோர்களே, கடிதங்களைத் திருத்தாமல் விட்டதற்கு உங்களுக்குத் தனி நன்றி. எழுத்துப் பிழைகள் அப்படியே உள்ளே போயிருக்கின்றன. ஒரு குருளையன் (சாரணரில் இளையவன்) பாதி போட்ட முடிச்சோடு ஒரு பருத்திக் கயிற்றை வைத்து, “மீதியை நீங்கள் போடுங்கள்” என்று பென்சிலால் எழுதியிருக்கிறான்.

பேழையின் மூடியில் எந்தக் குறியை வரைவது என்பதில்தான் நெடுநேரம் வாதம் நடந்தது. 1941இல் கென்யாவில் மறைந்த பேடன் பவலின் கல்லறையில் உள்ள, நடுவே புள்ளியிட்ட வட்டத்தையே பலரும் கேட்டார்கள். அது ‘வீடு திரும்பிவிட்டேன்’ என்னும் தடக்குறி, அதாவது பின்னால் வருவோருக்காகச் சாரணர் வழியில் இடும் குறி. பயணம் முடிந்தவர் இடுவது என்று ஐயா விளக்கினார். தம் மறைவுக்குப் பின் சாரணர்கள் படிப்பதற்காகப் பேடன் பவல் எழுதிவைத்திருந்த கடிதம், அவருடைய தாள்களுக்கிடையே கிடைத்ததையும் அப்போதுதான் சொன்னார். அதைக் கேட்ட பிள்ளைகள் தாமாகவே வேறொரு தடக்குறியைத் தேர்ந்தார்கள்: ஒரு சிறு கட்டம், அதனுள் எண், பக்கத்தில் அம்பு. இத்தனை காலடித் தொலைவில், இத்திசையில், ஒரு கடிதம் மறைந்திருக்கிறது என்று பொருள்.

முன்பொருமுறை நாங்கள் புதைத்த பெட்டி, இடத்தைக் குறித்துவைக்காத என் கவனக்குறைவால் இன்றுவரை கிடைக்கவில்லை. இம்முறை பேழை படை அறையின் அலமாரியிலேயே இருக்கிறது. திறக்கவேண்டிய நாள் 25 ஆண்டுகளுக்கு அப்பால். அது பதிவேட்டிலும் நூலகத்திலும் உங்கள் ஒவ்வொருவர் வீட்டிலும் எழுதிவைக்கப்பட்டுள்ளது. அறைக் கதவருகே அந்தக் குறியை நீல வண்ணத்தில் வரைந்திருக்கிறார்கள். கட்டத்துக்குள் உள்ள எண் ஏழு.

நன்றியுடன்,
படைப் பொறுப்பாசிரியர்