கோமதியின் ஐடியை மூடிவிட்டார்கள்

அன்புள்ள கலா,

இங்கே எல்லோரும் நலம். அண்ணாவின் முதுகுவலிக்கு அந்த பெல்ட் ஒத்துக்கொண்டதா? பதில் போடாமல் இருந்ததற்கு நீ திட்டி முடித்திருப்பாய். மீதி இருந்தால் நேரில் வைத்துக்கொள்ளலாம். இப்போது அவசரமாக எழுதுவதற்குக் காரணம் கோமதி. வீடு வீடாகப் போய் நாங்கள் கிரீமும் சத்துப் பவுடரும் விற்கிற நேரடி விற்பனைக் கம்பெனியில், அவளுடைய விற்பனையாளர் ஐடியை மூடிவிட்டார்கள்.

தற்காலிகமாகக்கூட இல்லை, ஒரேயடியாக. ராத்திரி ஆர்டர் போட உள்ளே போகப் பார்த்திருக்கிறாள், திறக்கவில்லை. காலையில் மெயில் வந்து கிடக்கிறது, இரண்டு ஸ்கிரீன்ஷாட்டோடு. ஒன்று, வாங்கி விற்கும் தளம் ஒன்றில் அவள் போட்ட விளம்பரம். சீல் உடைக்காத கிரீம் டப்பாக்களைக் கட்டிலின்மேல் அடுக்கிப் படம் எடுத்திருக்கிறாள், பின்னால் அவள் வீட்டு ஜன்னல் திரை தெரிகிறது. இன்னொன்று அவளுடைய பக்கம். முதலில் கம்பெனி பெயர், அடுத்து அவள் பெயர், காசு கட்டி 'பூஸ்ட்' செய்தது. இரண்டிலும் சிவப்புக் கட்டம் போட்டு, ஒப்பந்தத்தின் எந்தப் பிரிவை மீறினாள் என்று எண் மட்டும் கொடுத்திருக்கிறார்கள். ஏன் செய்தாய் என்று ஒரு போன் இல்லை. அவள் ஒவ்வொருத்தியாகப் பேசிச் சேர்த்த டீம் முழுவதும் மேலே இருப்பவருக்குக் கீழே போய்விட்டது. அந்த மாதக் கமிஷனையும் நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

"நான் அப்பவே சொன்னேன்" என்று நீ ஆரம்பிப்பாய். சொன்னாய்தான். படிவத்தின் பின்பக்கத்துப் பொடியெழுத்தை எல்லாம் படித்த பிறகு கையெழுத்துப் போட்டவள் நம் செட்டில் நீ ஒருத்திதான். அதற்குச் சுசீலா அக்கா உனக்கு வைத்த பெயரை இங்கே எழுதமாட்டேன், உன் மருமகள் கடிதத்தைப் பிரித்தாலும் பிரிப்பாள்.

ஆன்லைனில் விளம்பரம் செய்யக்கூடாது என்ற விதியே அநியாயம் என்று கோமதியின் தம்பி குதிக்கிறான். நான் அப்படி நினைக்கவில்லை. சமீபத்தில் ஒரு வீட்டில் டெமோ. ஒரு மணி நேரத்துக்குமேல் உட்கார்ந்து, அந்தப் பெண்ணின் முழங்கையில் ஒவ்வொன்றாகத் தடவிக் காட்டி, எது எரிகிறது எது எரியவில்லை என்று பார்த்து, அவளுக்குச் சரிப்படுவதை எடுத்துக் கொடுத்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு போனைத் திருப்பிக் காட்டுகிறாள். அதே டப்பா. கம்பெனி எனக்குத் தரும் விலையைவிடக் குறைவு! அவளைக் குற்றம் சொல்ல முடியாது, குறைந்த விலை கண்ணில் பட்டால் யார்தான் கூடுதலாகக் கொடுப்பார்கள்? ஆனால் என் நேரம், என் சாம்பிள், நான் போய்வந்த செலவு எல்லாம் யாரோ முகம் தெரியாதவனுக்கு இலவச வேலையாகப் போயிற்று. இப்படிப் போடுகிறவர்கள் டப்பாவில் இருக்கும் எண்ணைச் சுரண்டிவிடுகிறார்கள், ஏனென்றால் அதை வைத்துத்தான் எந்த ஐடிக்குப் போன சரக்கு என்று கம்பெனி கண்டுபிடிக்கும். சுரண்டும்போது சில டப்பாக்களில் காலாவதித் தேதியும் சேர்ந்து போய்விடுகிறது. முகத்தில் பூசுகிற பொருள், கலா.

அதைவிடப் பயங்கரம், வாய்க்கு வந்ததை எழுதுவது. எங்கள் டீமிலேயே ஒருத்தி, சத்துப் பவுடர் படத்தைப் போட்டு, சர்க்கரை நோய் மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று எழுதிவிட்டாள். பார்த்த நிமிஷமே எடுக்க வைத்தேன். கம்பெனிகள் பயப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. 2020 ஏப்ரலில் அமெரிக்காவில் வணிக மோசடிகளைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் பத்து நேரடி விற்பனை நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. கொரோனாவைத் தடுக்கும், குணப்படுத்தும் என்றும், வேலை போனவர்கள் இதில் கை நிறையச் சம்பாதிக்கலாம் என்றும் வந்த பேச்சுக்காக. பல இடங்களில் பதிவு போட்டது விற்பனையாளர்கள், கடிதம் வந்தது கம்பெனிக்கு. ஆகவே வாயைக் கட்டத்தான் வேண்டும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

என் கோபம் வேறு இடத்தில். அந்த மலிவுச் சரக்கு ஆன்லைனுக்கு எங்கிருந்து வருகிறது என்று கம்பெனி கேட்பதே இல்லை. எங்கிருந்து வரும்? எங்கள் பீரோவிலிருந்துதான் வருகிறது. மாதக் கடைசி ராத்திரி அப்லைன், அதாவது டீமில் எங்களுக்கு மேலே இருப்பவர், போன் பண்ணுவார். "இன்னும் கொஞ்சம் பாயிண்ட்தாம்மா, விட்டுட்டா லெவல் இறங்கிடும்." லெவல் இறங்கினால் கமிஷன் சதவீதமும் இறங்கும். பன்னிரண்டு மணிக்குள் ஆர்டர் போட வேண்டும், அந்த நேரத்தில் எந்த வாடிக்கையாளரை எழுப்புவது? தன் கார்டிலேயே போட்டுவிடுவோம். கோமதி அப்படித்தான் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். போய்ப் பார்த்தேன். கட்டிலுக்கு அடியில் பெட்டி, பையனின் புத்தக அலமாரியில் பெட்டி, ஒன்றிரண்டு பெட்டியில் டேப்கூடப் பிரிக்கவில்லை.

திருப்பிக் கொடுக்கலாம் என்று பாலிசியில் இருக்கிறது. குறிப்பிட்ட நாளுக்குள், இன்வாய்ஸோடு, பெட்டி கசங்காமல். திருப்பினால் அதற்கு வாங்கிய கமிஷனைப் பிடித்துக்கொள்வார்கள், பாயிண்ட்டும் கழியும், எந்த லெவலுக்காக வாங்கினாளோ அதுவே போய்விடும். அப்லைனின் பாயிண்ட்டும் சேர்ந்து குறையும் என்பதால் அவரும், "அவசரப்படாதே, வித்துடலாம்" என்றே சொல்லியிருக்கிறார். நாள் தாண்டிவிட்டது. பையனுக்கு ஃபீஸ் கட்ட வேண்டிய வாரம் வந்ததும் டப்பாவைக் கட்டிலில் அடுக்கிப் படம் எடுத்துவிட்டாள்.

இதையெல்லாம் யோசித்துக்கொண்டே ஆம்வே என்ற நேரடி விற்பனைக் கம்பெனியின் பழைய வழக்கைப் பற்றித் தேடிப் படித்தேன். 1979-ல் அதே ஃபெடரல் டிரேட் கமிஷன், ஆம்வே, ஆள் சேர்ப்பதை வைத்தே பணம் பண்ணும் பிரமிடு திட்டம் இல்லை என்று தீர்ப்புச் சொன்னது. அப்படிச் சொன்னதற்குப் பெரிய காரணமே சரக்குத் தேங்காமல் இருக்க அவர்கள் வைத்திருந்த விதிகள். விற்காத சரக்கைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். வாங்கியதில் 70 சதவீதமாவது கைமாறியிருக்க வேண்டும். மாதம் 10 சில்லறை வாடிக்கையாளர்களுக்காவது விற்றிருக்க வேண்டும். அதே தீர்ப்பு, சில்லறை விலையைக் கட்டாயப்படுத்துவதையும் வருமானத்தை ஊதிச் சொல்வதையும் நிறுத்தச் சொன்னது. இந்தத் தொழில் தலைநிமிர்ந்து நிற்பதே விற்பனையாளர் வீட்டில் சரக்கு அடைபடக்கூடாது என்ற நியாயத்தின்மேல்தான் என்று எனக்குப் படுகிறது. விளம்பர விதியை மட்டும் எழுத்துக்கு எழுத்து பிடித்துக்கொண்டு இதைக் கண்டுகொள்ளாமல் விட்டால், குழாயைத் திறந்து வைத்துவிட்டுத் தரையைத் துடைக்கிற கதைதான்.

இன்னொரு வயிற்றெரிச்சல். கம்பெனி பெயரைத் தேடினால் முதலில் வருவது கம்பெனியே காசு கொடுத்துப் போட்ட விளம்பரம். அந்தப் பெயரை வைத்து நாங்கள் விளம்பரம் கட்டக்கூடாது. எங்களுக்கென்று ஒரு வெப்பக்கம் தருகிறார்கள், மாதாமாதம் அதற்குக் கட்டணமும் பிடிக்கிறார்கள், ஆனால் யாராவது அந்த நீளமான முகவரியை அடித்து வருவார்களா? நேராகக் கம்பெனி தளத்துக்குப் போவார்கள். அங்கே பணம் கட்டும் இடத்தில், எல்லாவற்றுக்கும் கீழே, "உங்கள் ஆலோசகர் யார்?" என்று ஒரு சின்னக் கட்டம். ஆலோசகர் என்றால் விற்கிற நாங்கள்தான். நிரப்பாவிட்டாலும் ஆர்டர் போய்விடும். என்னிடம் வருஷக்கணக்காக வாங்கும் ஒரு டீச்சர், அந்தக் கட்டத்தைப் பார்க்கவே இல்லை என்று வருத்தப்பட்டுச் சொன்னார். அடுத்த வாரமே கம்பெனியிலிருந்து அவருக்கு நேரடியாகத் தள்ளுபடி மெயில். நான் கொடுத்தால் விதிமீறலாகும் தள்ளுபடி அது.

பிளாஸ்டிக் டப்பா விற்கும் டப்பர்வேர் கம்பெனியின் கதை உனக்கு நினைவிருக்கும், பயிற்சியில் அடிக்கடி சொல்வார்களே. 1951-ல், வீட்டு பார்ட்டி வைத்து விற்பதில் கெட்டிக்காரியான பிரவுனி வைஸைக் கொண்டுவந்து, கடைகளிலிருந்து சரக்கை எடுத்துவிட்டு, முழுக்க வீட்டு பார்ட்டி விற்பனைக்கு மாறினார்கள். அதற்குப் பிறகு நடந்ததைப் பயிற்சியில் சொல்வதில்லை. 2000-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் டார்கெட் என்ற பெரிய கடைகளில் விற்றுப் பார்த்தார்கள். பார்ட்டி விற்பனை அடிபட்டது, 2003-ல் அங்கிருந்து விலகிவிட்டார்கள். 2022-ல் திரும்பவும் அதே டார்கெட். 2024 செப்டம்பரில் திவால் மனு. திவாலுக்குக் கடன் முதல் எத்தனையோ காரணம், அதற்குள் நான் போகவில்லை. 2003-ல் பட்டுத் தெரிந்துகொண்டார்களே, வீடு வீடாகப் போகிறவளோடு கம்பெனியே போட்டி போட்டால் அவள் வருவது குறைந்துவிடும் என்று, அதை எங்கள் ஆட்களிடம் யார் எடுத்துச் சொல்வது?

கோர்ட்டுக்குப் போகலாம் என்கிறான் கோமதியின் தம்பி. அதையும் பார்த்தேன். ஐரோப்பாவில் 2011-ல், அழகுப் பொருள் விற்பனையாளர்களுக்கு இணைய விற்பனையே கூடாது என்று ஒரு பிரெஞ்சு நிறுவனம் போட்ட தடை செல்லாது என்ற பக்கம் தீர்ப்பு வந்தது. 2017-ல், வெளியார் நடத்தும் சந்தைத் தளங்களில் விற்கக்கூடாது என்று உயர்ரக வாசனைப் பொருள் நிறுவனம் தடுப்பது செல்லும் என்றார்கள். இரண்டுமே கடைக்காரர்கள் விஷயம், நம்மைப் போன்றவர்கள் விஷயம் இல்லை. டெல்லி உயர் நீதிமன்றத்தில் 2019 ஜூலையில், சம்மதம் இல்லாமல் நேரடி விற்பனைப் பொருட்களை விற்கக்கூடாது என்று ஆன்லைன் தளங்களுக்குத் தடை போட்டார் தனி நீதிபதி. 2020 ஜனவரியில் அதே கோர்ட்டின் இரு நீதிபதி டிவிஷன் பெஞ்ச் அதை ரத்து செய்துவிட்டது. அதெல்லாம் கம்பெனிக்கும் தளங்களுக்கும் நடந்த சண்டை. கோமதியைப் பொறுத்தவரை அவள் கையெழுத்துப் போட்ட தாள்தான் பேசும். வக்கீல் செலவு அவள் தாங்கமாட்டாள்.

அதனால் நான் செய்ய நினைப்பது, கம்பெனிக்கு ஒரு கடிதம். டீமில் பலர் கையெழுத்துப் போடச் சம்மதித்திருக்கிறார்கள், சிலர் பயப்படுகிறார்கள், அவர்களை நான் வற்புறுத்தவில்லை. விலை குறைப்பைத் தடுப்பதையும் வைத்தியப் பேச்சைத் தடுப்பதையும் முழுமனதோடு ஏற்கிறோம் என்றுதான் ஆரம்பித்திருக்கிறேன். முதல் தடவை மீறினால் எச்சரித்து, எடுத்துவிட அவகாசம் கொடுங்கள். விற்காத சரக்கை, பெட்டி கசங்கியிருந்தாலும் காலாவதி ஆகாதிருந்தால் திரும்ப எடுங்கள். அப்படித் திருப்பினால் லெவலில் கை வைக்காதீர்கள். அந்த ஆலோசகர் கட்டத்தை மேலே கொண்டுவாருங்கள், ஏற்கெனவே எங்களிடம் வாங்குகிறவர் என்றால் ஆர்டர் தானாக எங்களிடம் வரட்டும். கோமதியின் நிறுத்தி வைத்த கமிஷனைக் கொடுத்துவிடுங்கள், அது விதி மீறுவதற்கு முன்பே விற்ற விற்பனை. ஐடியைத் திரும்பக் கேட்பதா வேண்டாமா என்று அவளே இன்னும் முடிவு சொல்லவில்லை.

என் ஐடிக்கும் ஆபத்து வரலாம் என்று வீட்டில் சொல்கிறார்கள். வரலாம். கோமதி இல்லாத மீட்டிங்கில் போய் உட்கார்ந்து கைதட்ட என்னால் முடியவில்லை.

மற்ற சேதிகள் சுருக்கமாக. சுசீலா அக்காவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. குரல் மட்டும் அப்படியே, பக்கத்து வார்டு வரைக்கும் கேட்டதாம். என் பெண்ணுக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்திருக்கிறது.

கடிதத்தின் நகலை இத்தோடு வைத்திருக்கிறேன். உன் சிவப்புப் பேனாவை எடு. எந்த வரி மிரட்டல் மாதிரி இருக்கிறது, எந்த வரியைப் பிடித்து எங்களை மடக்குவார்கள் என்று பார்த்துக் குறித்து அனுப்பு. மாத மீட்டிங்குக்கு முன்னால் எனக்குக் கிடைத்தால் போதும். கோமதிக்கு ஒரு போன் பண்ணு. முதலில் பையனின் படிப்பைப் பற்றிக் கேள், ஐடி பற்றி அவளாகப் பேசட்டும். சாயங்காலம் ஆறு மணிக்குமேல் எடுப்பாள், பகலில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதப் போகிறாள்.

அன்புடன்,
விஜி