ஒழுங்கான மேசையும் ஒளித்து வைத்த மடிக்கணினியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டிலிருந்து பணிபுரிவோர் தம் மேசையை எவ்வளவு குறைந்த பொருள்களோடு, கம்பி ஒன்றுகூட வெளியே தெரியாமல் அமைத்துக்கொள்ளலாம் என்று விளக்கித் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் கண்ணுக்கு இதமாக இருந்தன. ஆனால் அவற்றுள் ஒன்றில், மூடிய மடிக்கணினி மேசைப் பலகையின் அடியில் பொருத்திய ஒடுக்கமான தட்டில் செருகப்பட்டிருந்தது. இன்னொன்றில் அது தடித்த கம்பளி விரிப்பின்மேல் சுவரோடு ஒட்டிக் கிடந்தது. மே மாதத்துக் கடலூரில் அந்த இரண்டு மேசைகளிலும் பிற்பகலில் வேலை ஓடாது. அதே தவற்றைச் செய்து பணத்தை இழந்த குடும்பத்தைச் சேர்ந்தவன் என்பதாலும், தொழிற்பயிற்சி நிலையத்தில் குளிர்பதனப் பிரிவில் பல ஆண்டுகள் பாடம் நடத்தியவன் என்பதாலும் இதை எழுதக் கடமைப்பட்டுள்ளேன்.

என் மகள் சென்னை நிறுவனம் ஒன்றின் வேலையை மஞ்சக்குப்பத்தில் உள்ள எங்கள் வீட்டு மாடியறையில் இருந்தபடி செய்துவருகிறாள். சென்ற ஆண்டு தொடக்கத்தில் தச்சரை வரவழைத்து, அவள் காட்டிய படத்தில் இருந்தவாறே புதிய மேசை ஒன்று செய்தோம். மேலே பெரிய மானிட்டர், தனி விசைப்பலகை, மவுஸ். மடிக்கணினியோ மூடிய நிலையில் இழுப்பறைக்குள். கம்பி நுழைய மட்டும் பின்னால் ஒரு சிறு துளை. மேசையின்மேல் ஒரு பேனாகூட இல்லாத அந்த அழகை வந்தவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள், நான் உட்பட. ஏப்ரல் பிறந்ததும் தொல்லை தொடங்கியது. பிற்பகல் இரண்டு மணிக்குமேல் காணொளிக் கூட்டங்களில் முகங்கள் உறைந்து நின்றன, குரல் விட்டுவிட்டுக் கேட்டது. இணைய இணைப்பின்மீது பழியைப் போட்டு, கூடுதல் கட்டணத் திட்டத்துக்கு மாறினோம். பிறகு கடை ஒன்றில் நினைவகம் போதவில்லை என்றார்கள். அதையும் வாங்கிப் பொருத்தினோம். காலையில் ஓடுவது பிற்பகலில் மட்டும் ஏன் தவழ்கிறது என்று கேட்டிருக்க வேண்டியவன் நான்; கேட்கவில்லை. ஒருநாள் மகள் எதற்கோ இழுப்பறையைத் திறந்தபோது, இட்லிப் பானையின் மூடியைத் தூக்கினாற்போல் முகத்தில் அனல் அடித்தது. மடிக்கணினியை எடுத்துத் திறந்து பார்த்தால் டச்பேட் ஒரு பக்கம் மேலெழும்பியிருந்தது. அடியில் பேட்டரி உப்பிவிட்டது.

உள்ளே நடப்பதை அறியப் பெரிய படிப்பு தேவையில்லை. மடிக்கணினிக்குள் செல்லும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் கடைசியில் வெப்பமாகவே முடிகிறது. அலுவலக வேலைக்கான இயந்திரங்களில் பிராசசர் என்னும் சில்லு மட்டும் 15 முதல் 28 வாட் வரை எடுத்துக்கொள்வது வழக்கம். விளையாட்டுக்கும் காணொளித் தொகுப்புக்கும் வாங்கப்படும் கனமான இயந்திரங்களில் இது இன்னும் அதிகம். அவ்வளவு சிறிய பரப்பில் பிறக்கும் வெப்பத்தை அகற்றுவதற்காகத் தட்டையாக்கிய செப்புக் குழாய் ஒன்று சில்லின்மேல் படிந்திருக்கிறது. அக்குழாயினுள் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டுச் சில துளி நீரை அடைத்திருப்பார்கள். அழுத்தம் குறைவாக இருப்பதால் அந்நீர் சில்லின் பக்கத்தில் எளிதாக ஆவியாகி, மறுமுனையில் வரிசையாக நிற்கும் மெல்லிய தகடுகளின் அருகே குளிர்ந்து மீண்டும் நீராகி, குழாயின் உட்சுவர் வழியே ஊறித் திரும்புகிறது. குளிர்பதனப் பெட்டியைப் பிரித்துப் போட்டுக்கொண்டு நான் வகுப்பில் நடத்திய பாடத்தில் பாதி இதுவே. மறுபாதியான, வாயுவை அழுத்திச் சுற்றவைக்கும் கம்பிரசர் இதில் இல்லை. ஆகவே மடிக்கணினி தன்னைச் சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ச்சியாக ஒருபோதும் ஆக முடியாது. அதன் விசிறி செய்வதெல்லாம், பெரும்பாலும் அடிப்பக்கத்துத் துளைகள் வழியே அறைக்காற்றை இழுத்து, அத்தகடுகளின் ஊடே செலுத்தி, பின்பக்கமாகவோ பக்கவாட்டிலோ வெளியே தள்ளுவது மட்டுந்தான். இழுப்பறைக்குள் அடைத்துவிட்டால் தான் தள்ளிய சூடான காற்றையே திரும்பத் திரும்ப இழுக்கும்.

சில்லின் வெப்பநிலை 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது, அது கருகிப்போகாமல் இருக்கத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. பெரும்பாலும் திரையில் எச்சரிக்கை ஏதும் தோன்றுவதில்லை. வேலை மட்டும் மந்தமாகிறது. அதனால்தான் எங்களைப் போன்றவர்கள் இணைப்பையும் நினைவகத்தையும் நொந்துகொள்கிறோம். அறைக்காற்று ஒரு டிகிரி ஏறினால் உள்ளேயும் ஏறத்தாழ ஒரு டிகிரி ஏறும் என்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆப்பிள் நிறுவனம் தன் மடிக்கணினிகளை 10 முதல் 35 டிகிரி வரையுள்ள சூழலில் பயன்படுத்தச் சொல்கிறது. கடலூரிலோ புதுச்சேரியிலோ கோடையில் கடற்காற்று நண்பகலுக்கு முன்பே வந்துவிட்டால் பிழைத்தோம். மேற்கிலிருந்து வரும் காற்று வலுத்துக் கடற்காற்று தாமதமாகும் நாள்களில் வெளியே நிழலிலேயே 40 டிகிரியைத் தொட்டுவிடும். காலை முழுவதும் வெயிலைக் குடித்த காங்கிரீட் தளத்தின் கீழ், குளிரூட்டி இல்லாத மாடியறை எப்படி இருக்கும் என்பதை நம் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

பேட்டரி உப்பியதற்கும் காரணம் இதே சூடுதான். லித்தியம் அயனி பேட்டரிக்கு வெப்பம் ஆகாது. முழுவதும் சார்ஜ் ஏறிய நிலையிலேயே எப்போதும் நிற்பதும் ஆகாது. எங்கள் இழுப்பறையில் இரண்டும் சேர்ந்தன. மானிட்டரோடு இணைத்து, நாள் முழுவதும் மின்சாரத்திலேயே ஓட்டுபவர்கள் சார்ஜை 80 விழுக்காட்டோடு நிறுத்திக்கொள்ளும் வசதி தங்கள் இயந்திரத்தின் அமைப்புகளில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இப்போதைய மடிக்கணினிகள் பலவற்றில் அது உண்டு. பெயர்தான் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். உப்பிய பேட்டரியை அழுத்துவதோ, குத்துவதோ, மீண்டும் சார்ஜ் போடுவதோ தீ விபத்தில் முடியலாம். இயந்திரத்தை அணைத்துப் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துவிட வேண்டும்.

பொருளை மறைத்து வைத்தால் வீடு அழகாகும் என்ற எண்ணம் நமக்குப் புதிதன்று. வானொலிப் பெட்டிக்கும் தொலைக்காட்சிப் பெட்டிக்கும் பூத்தையல் போட்ட துணி உறை தைத்து, பின்பக்கத்துக் காற்றுத் துளைகளைச் சேர்த்து மூடிய தலைமுறை என்னுடையது. 2011இல் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினிகளை வழங்கத் தொடங்கிய பிறகு, தூசி படக்கூடாது என்று அதைத் தலையணையின்மேல் துண்டு விரித்து வைத்துப் பயன்படுத்திய மாணவர்களையும் பார்த்திருக்கிறேன். அதே ஊர்களில்தான் முற்றம் வைத்த வீடுகளும் இருந்தன. புதுச்சேரியின் தமிழர் பகுதித் தெருக்களில் இன்னும் எஞ்சியிருக்கும் அவ்வீடுகளில், நடுவே வெறுமையாகத் தெரியும் இடம் சூடான காற்று மேலே போகவும் வழிவிட்டது. கட்டுரை புகழ்ந்த ‘மினிமலிஸ்ட்’ மேசையின் வெறுமையும் அப்படிக் காற்றுக்கு விட்ட வெறுமையாக இருந்தால் எனக்கு மறுப்பு எதுவும் இல்லை. பொருள்களை அடியில் திணித்துப் பெற்ற வெறுமையாக இருப்பதுதான் குறை.

நாங்கள் பிறகு செய்ததைச் சொல்கிறேன். செலவு மிகக் குறைவு, மேசையின் ஒழுங்கும் கெடவில்லை. மடிக்கணினியை இழுப்பறையிலிருந்து எடுத்து மானிட்டரின் பக்கத்தில் வைத்தோம். தச்சரிடம் மீந்த தேக்குத் துண்டுகள் இரண்டை வாங்கி, அதன் பின்விளிம்பின் கீழே வலப்புறம் ஒன்றும் இடப்புறம் ஒன்றுமாக வைத்தோம். ரப்பர் கால்கள் தரும் இடைவெளி சில மில்லிமீட்டர் மட்டுமே. இத்துண்டுகளால் பின்பக்கம் இரண்டு சென்டிமீட்டர் உயர்ந்து, அடித்துளைகளுக்குத் தாராளமாகக் காற்று கிடைத்தது. மென்மையான விரிப்பை எடுத்துவிட்டோம், ஏனெனில் ரப்பர் கால்கள் அதற்குள் அமிழ்ந்து துளைகள் துணியோடு ஒட்டிக்கொள்கின்றன. மேசையைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போட்டோம். அவளுடைய இயந்திரத்தின் சூடான காற்று கீலின் அருகே வெளியேறுகிறது. மூடி வைத்தால் திரையின் அடிப்பகுதி அவ்வழியைப் பாதி மறைத்துவிடுகிறது. ஆகவே திறந்தே வைத்து, அதன் திரையைச் செய்திப் பரிமாற்றத்துக்கான இரண்டாம் திரையாக்கிக்கொண்டாள். கூரை விசிறியின் காற்று மேசையைத் தொடும்படி நாற்காலியின் இடத்தையும் மாற்றினோம். கூரை விசிறி அறையைக் குளிர்விக்காது என்றாலும், இயந்திரம் கக்கிய அனலை அதன் அருகிலேயே தங்கவிடாமல் கலைத்துவிடுகிறது. வெப்பநிலையைக் காட்டும் இலவச மென்பொருள் ஒன்றை நிறுவிப் பார்த்தோம். இழுப்பறையில் இருந்தபோது 97 டிகிரியில் நின்ற அளவு, அதே வேலையில், அதே பிற்பகல் நேரத்தில் 80ஐ ஒட்டி நின்றது. கூடுதல் கட்டணத் திட்டத்தை ரத்து செய்துவிட்டோம்.

அடியில் வைக்கும் விசிறித் தட்டுகளை நான் பரிந்துரைப்பதில்லை. அவற்றின் விசிறியும் மடிக்கணினியின் துளையும் நேருக்கு நேர் அமைந்தால் பயனுண்டு, அமையாவிட்டால் இரைச்சலும் ஒரு கம்பியுமே மிச்சம். புத்தகத்தைப் போல் நிமிர்த்தி வைக்கும் தாங்கிகள் இடத்தை மிச்சப்படுத்துபவை. காற்று வெளியேறும் பக்கம் தரையை நோக்கிவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும். 2020இல் வந்த, எம்1 சில்லுள்ள ஆப்பிளின் மேக்புக் ஏர் போன்ற விசிறியே இல்லாத இயந்திரங்கள் தம் உலோக உடல் வழியாகவே வெப்பத்தை விடுகின்றன என்பதால், அவற்றை உறைக்குள்ளோ இழுப்பறைக்குள்ளோ வைத்து ஓட்டுவது கூடவே கூடாது.

கட்டுரையில் பாராட்டப்பட்ட, கம்பிகளை மறைத்து வைக்கும் பெட்டியைப் பற்றியும் ஒரு சொல். 65 வாட் அடாப்டர் ஒன்று நல்ல தரமானதாக இருந்தாலும் முழுச் சுமையில் ஆறு, ஏழு வாட் அளவுக்கு வெப்பத்தைத் தன்னிடத்திலேயே விடும். அத்தகைய இரண்டு மூன்றையும் நீட்டிப்புப் பலகையையும் சேர்த்து, துளையில்லாத மூடியுள்ள பெட்டியில் சுருட்டி அடைத்து, அதை மரப்பலகையின் அடியில் ஆணியடித்து மாட்டுவது கவலைக்குரியது. அடாப்டரை மேசைக்காலின் வெளிப்புறத்தில் பட்டையால் கட்டித் தொங்கவிட்டால் எதிரே நிற்பவருக்குத் தெரியாது, காற்றும் படும்.

கடலோர ஊர்களுக்கே உரிய தொல்லை ஒன்று உண்டு. இங்கே தூசி உலர்ந்த தூசியாக வருவதில்லை. உப்பும் ஈரமும் சேர்ந்து ஒட்டும் தன்மையோடு வருகிறது. அது விசிறிக்கும் தகடுகளுக்கும் இடையே கம்பளித் துணிபோல் படிந்து, ஓரிரு ஆண்டுகளில் காற்றின் வழியை அடைத்துவிடும். தேவனாம்பட்டினம் கடற்கரையை ஒட்டி வசிப்போர் சன்னலுக்கு நேர் எதிரே மேசையைப் போடாமல் பக்கச் சுவரோரம் போடுவது நல்லது. ஆண்டுக்கு ஒருமுறை, அக்னி நட்சத்திரத்துக்கு முன்பாக, கழற்றிச் சுத்தம் செய்விக்கலாம்; தாமே காற்றடித்துத் துடைப்போர் விசிறியின் இதழ்களை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் அது வேகமாகச் சுழன்று கெட்டுப்போகும்.

கடிதம் நீண்டுவிட்டது, பொறுத்தருள்க. மேசை செய்து தரும் தச்சர்களும் அறை அலங்காரம் செய்வோரும் மேசையில் கணினிக்கென்று தட்டறை ஒதுக்கும்போது பின்பலகை வைக்காமல் திறந்தே விட வேண்டும் என்பதையும், தாங்கள் இத்தகைய கட்டுரையை மீண்டும் வெளியிட்டால் மேசையைப் பின்பக்கத்திலிருந்து எடுத்த படம் ஒன்றையும் சேர்த்து வெளியிட வேண்டும் என்பதையும் வேண்டுகோளாக முன்வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற குளிர்பதனப் பயிற்றுநர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.