லாரிகள் எங்கே நிற்கும்?

ஐயா,

வடசென்னையில் கன்டெய்னர் லாரிகள் சாலையில் ஓடக் கூடாத தடை நேரத்தை நீட்டிப்பது குறித்த விவாதம் பற்றிய செய்தியைப் படித்தேன். நீட்டிக்க வேண்டும் என்ற கோரிக்கை நியாயமானது. ஆனால் பேச்செல்லாம் கடிகாரத்தைப் பற்றியே இருக்கிறது. தடை நேரத்தில் அந்த லாரிகள் எங்கே நிற்கும்? சென்னை, எண்ணூர், காட்டுப்பள்ளி என மூன்று துறைமுகங்களின் சரக்கு லாரிகளும் எங்கள் பக்கமாகப் போய் வருகின்றன.

திருவொற்றியூரில் தினமும் காலையில் மகளை மிதிவண்டியில் பள்ளிக்கு அழைத்துச் செல்கிறேன். ஓரத்தில் வரிசையாக நிற்கும் லாரிகளைக் கடக்க நடுச்சாலைக்கு வந்தே ஆக வேண்டும். பின்னால் ஹாரன் ஒலித்தால் அவள் என் சட்டையை இறுகப் பற்றிக்கொள்கிறாள். நேரத்தை மாற்றுமுன், கழிப்பறை, குடிநீர் வசதியோடு (ஓட்டுநர்களும் மனிதர்கள்தாமே) லாரி நிறுத்துமிடம் அமைக்க வேண்டும். அதற்கான இடத்தை, வார்டு மக்கள் கூடிப் பேசும் பகுதி சபைக் கூட்டங்களில் எங்களையும் கேட்டு மாநகராட்சி முடிவு செய்யட்டும்.

– ஒரு வாசகர், திருவொற்றியூர்