சைனஸுக்குள் போன இம்ப்ளான்ட் திருகு: செலவுத் தொகையும் சிகிச்சைப் பதிவுகளும் கோரிப் புகார்

பெறுநர்:
மேலாண்மை இயக்குநர்,
பல் மருத்துவமனைக் குழுமத் தலைமை அலுவலகம்.

ஐயா,

உங்கள் கிளையில் என் அம்மாவுக்கு மேல்தாடைக் கடைவாயில் செயற்கைப் பல்லைத் தாங்க வைத்த இம்ப்ளான்ட் திருகு, எலும்பைத் தாண்டி, மூக்கை ஒட்டிக் கன்னத்துக்குள் இருக்கும் காற்றறையான சைனஸுக்குள் போய்விட்டது. வேறொரு மருத்துவமனையில் அறுவை சிகிச்சை செய்து அதை எடுத்திருக்கிறோம். திருகு நழுவியதைவிட, அதைக் காணோம் என்று தெரிந்த பிறகு உங்கள் கிளை நடந்துகொண்ட விதம்தான் எங்களை அதிகம் வருத்துகிறது.

அந்தப் பல்லைப் பிடுங்கிப் பல வருடங்கள் ஆகின்றன. மேல் கடைவாயில் பல் போனால் எலும்பு கரையும், மேலே உள்ள சைனஸ் அறையும் கீழ்நோக்கி விரியும். இது பல் மருத்துவர்களுக்குப் பாலபாடம். எலும்பின் உயரம் 4, 5 மில்லிமீட்டருக்கும் குறைவாக இருந்தால் திருகுக்குப் பிடிமானம் கிடைப்பது கடினம். அப்போது சைனஸ் சவ்வை உயர்த்தி, எலும்புத் தூள் நிரப்பி, அது இறுகச் சில மாதங்கள் காத்திருப்பதுதான் வழக்கம். எவ்வளவு எலும்பு இருக்கிறது என்பதைச் தாடையை முப்பரிமாணத்தில் படமெடுக்கும் சிபிசிடி ஸ்கேன் துல்லியமாகக் காட்டியிருக்கும். உங்கள் கிளையில் எடுத்தது ஒரு சின்ன எக்ஸ்ரே மட்டும். ஸ்கேன் வேண்டாமா என்று நானே கேட்டேன். "இதுக்கு அதெல்லாம் தேவையில்லை" என்றார்கள். பிறகு வெளியே எடுத்த சிடியில் அந்த இடத்து எலும்பு 3 மில்லிமீட்டர்தான் இருந்தது.

திருகின் மேல் செயற்கைப் பல் பொருத்தப் போன அன்று ஈறைத் திறந்து பார்த்தால் திருகு இல்லை. "கழன்று விழுந்திருக்கும், தெரியாமல் விழுங்கியிருப்பீங்க" என்று அம்மாவிடம் சொன்னார்கள். ஈறு முழுமையாக மூடி ஆறியிருந்தது. அதற்குள் இருந்த திருகு எப்படி வாய்க்குள் விழும்? அப்போதே ஒரு எக்ஸ்ரே எடுத்திருந்தால் உண்மை தெரிந்திருக்கும். அதைச் செய்யாமல், புதுத் திருகுக்கு மதிப்பீட்டுச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். அதன் பின் அம்மாவுக்கு ஒரு பக்க மூக்கில் மட்டும் நாற்றத்துடன் சளி வடிந்தது. கிளைக்குப் போன் செய்தபோது "சளிதான், ஆவி பிடிங்க" என்ற பதில் வந்தது.

காது மூக்கு தொண்டை மருத்துவர்தான் சிடி எடுத்துக் காட்டினார். சைனஸின் உள்சவ்வில் உள்ள நுண்மயிர்கள் எதையும் அதன் வாசலை நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்குமாம். அதனால் திருகு அங்கேயே நிற்காது, கண்குழி வரைகூட நகரலாம்; தொந்தரவு இல்லாவிட்டாலும் எடுத்துவிடுவதே நல்லது என்றார். மேலுதட்டுக்கு உள்ளே கீறி, எலும்பில் சாளரம் திறந்து எடுக்கும் கால்டுவெல்-லூக் முறை 1890களிலிருந்து இருக்கிறது. அம்மாவுக்கு மூக்கு வழியாக எண்டோஸ்கோப் விட்டு எடுத்தார்கள். வாய்க்கும் சைனஸுக்கும் இடையே இருந்த துளையைக் கன்னத்துக் கொழுப்புத் திசுவை இழுத்துத் தைத்து மூடினார்கள். பிறகு இரண்டு வாரம் மூக்குச் சிந்தக் கூடாது, வாயை மூடிக்கொண்டு தும்மக் கூடாது. தையல் பிரிந்துவிடுமோ என்று தும்மல் வரும்போதெல்லாம் அம்மா நடுங்கியதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

திருகு வைத்த உங்கள் கிளையின் இளம் பெண் மருத்துவர் மேல் அம்மா கோபப்பட மறுக்கிறார். "சின்னப் பொண்ணு, தனியா என்னடி செய்யும்?" என்கிறார். எனக்கும் அந்தப் பெண்ணைத் தண்டிக்கும் எண்ணமில்லை. ஸ்கேன் இல்லாமல், மூத்த மருத்துவர் ஒருவரும் அருகில் இல்லாமல் மேல் கடைவாயில் திருகு வைக்க அனுமதித்தது உங்கள் நிர்வாகம். பதில் சொல்ல வேண்டியதும் நிர்வாகமே.

இம்ப்ளான்டுக்குக் கட்டிய பணம், அறுவை சிகிச்சை, ஸ்கேன், மருந்துச் செலவு அனைத்தையும் திருப்பித் தர வேண்டும். ரசீது நகல்களை இணைத்துள்ளேன். அம்மாவின் சிகிச்சைக் குறிப்பு, எக்ஸ்ரே, ஒப்புதல் படிவம், திருகின் நிறுவனம், அளவு, தயாரிப்புத் தொகுதி (பேட்ச்) எண் ஆகியவற்றின் நகல்களும் வேண்டும். அறுவை சிகிச்சைக்கு முன் மருத்துவர் திருகின் அளவைக் கேட்டபோதுகூட உங்கள் கிளை தரவில்லை. அந்தக் கிளையில் இதேபோல் மேல் கடைவாயில் திருகு வைத்துக்கொண்ட மற்றவர்களையும் அழைத்துப் பரிசோதியுங்கள்.

கட்டணம் வாங்கிச் செய்யும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995இலேயே தீர்ப்பளித்துவிட்டது. 15 நாட்களுக்குள் எழுத்து மூலம் பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடுப்போம்.

இப்படிக்கு,
நோயாளியின் மகள்