ஐசி மேல ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டி வைங்க

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கம்ங்க.

நான் கோயம்புத்தூர்ல மில் மெஷினோட எலக்ட்ரானிக் போர்டுங்களை சர்வீஸ் பண்றவன். ஸ்பின்னிங் மில்லுல ஓடுற பழைய மெஷின்ல நெறைய இன்னும் ஈப்ராம்ங்கிற ஐசி சிப்பை வெச்சுத்தான் ஓடுதுங்க, மெஷின் என்ன செய்யணும்கிற புரோகிராம் மொத்தமும் அந்த சிப்புக்குள்ளதான் இருக்கும். போன மாசம் ஒரு போர்டு வந்துச்சு, அதுல 27256 சிப்பு ரெண்டு, பாக்க ரெண்டும் ஒண்ணு போலத்தான், முன்னாடி யாரோ கழட்டி தனியா கவர்ல போட்டு வெச்சிருக்காங்க, போர்டுல எது எந்த சாக்கெட்டுல சொருகணும்னு ஒண்ணும் தெரியல. ஒண்ணு மேல ஸ்டிக்கர் இருக்கு ஆனா எழுத்து இல்ல, பில் போடுற தெர்மல் பேப்பர்ல அடிச்சது, மங்கி வெறும் வெள்ளையா நிக்குது. இன்னொண்ணுல ஸ்டிக்கரே உரிஞ்சு போயி, சிப்பு மேல இருக்கிற சின்ன கண்ணாடி ஜன்னல் தெறந்து கெடக்கு, உள்ள பாதி புரோகிராம் அழிஞ்சே போச்சு. அதே மெஷின் வெச்சிருக்கிற இன்னொரு மில்லைத் தேடிப் புடிச்சு, கெஞ்சி காப்பி எடுத்துட்டு வர்ற வரைக்கும் 9 நாளு மெஷின் நின்னுச்சு. ஒரு ஸ்டிக்கர் சரியா இருந்திருந்தா அரை மணி நேர வேலைங்க அது.

அந்த ஜன்னல் விஷயம் நெறைய பேருக்குத் தெரியறதில்ல. ஈப்ராமை அல்ட்ரா வயலட் வெளிச்சத்துலதான் அழிப்பாங்க, ஆனா சாதா வெளிச்சமும் மெதுவா அதே வேலையைச் செய்யும், நேர் வெயில்ல ஏறக்குறைய ஒரு வாரம், டியூப் லைட் வெளிச்சத்துலயே வெச்சிருந்தா சுமார் 3 வருஷம்னு சிப்பு கம்பெனிக்காரங்க டேட்டாஷீட்லயே போட்டிருக்காங்க. அதனால ஸ்டிக்கருங்கிறது பேரு எழுதறதுக்கு மட்டும் இல்ல, உள்ள இருக்கிறதுக்கு காவலே அதுதான். நான் ஜன்னல் அளவுக்கு அலுமினிய ஃபாயில் டேப்பை சின்னதா வெட்டி ஒட்டி அதுக்கு மேல லேபிள் ஒட்டுறேன், ஃபாயில் சிப்போட கால் (பின்) பக்கம் போகாம பாத்துக்கணும், பட்டா ஷார்ட் ஆயிரும்.

லேபிள் பிரிண்டர் வாங்கணும், அதுக்கு ஆயிரக்கணக்குல செலவாகும்னு நெனச்சு பல பேரு இதை விட்டுர்றாங்க. அது தேவையே இல்லைங்க. லேசர் பிரிண்டர் வெச்சிருக்கிற எந்த ஜெராக்ஸ் கடையிலயும் ஏ4 ஸ்டிக்கர் ஷீட்ல பிரிண்ட் போட்டுத் தருவாங்க, ரெண்டு பேரு டீ வடை சாப்பிடுற காசுதான் ஆகும். 28 கால் சிப்புக்கு 30 மில்லிமீட்டருக்கு 12 மில்லிமீட்டர் லேபிள் போட்டா ஒரு ஷீட்ல 130 வரும், 14 கால் ஐசிக்கு 16க்கு 5 மில்லிமீட்டர் போதும், அது 600க்கு மேல வரும். எழுத்து 5 பாயிண்ட் வெச்சா அந்த 5 மில்லிமீட்டருக்குள்ள ரெண்டு வரி நல்லா படிக்கிற மாதிரி நிக்கும், லேசர்ல 600 டிபிஐ இருக்கறதால எழுத்து ஒடையாது.

கடைக்குப் போனா பிடிஎஃப் ஆக்கிக் கொண்டு போங்க, பிரிண்ட் குடுக்கும்போது ஃபிட் டு பேஜ் வேண்டாம், ஆக்சுவல் சைஸ்னு சொல்லுங்க, இல்லேன்னா எல்லாமே கொஞ்சம் சுருங்கிரும். நான் பக்கத்தோட ஓரத்துல சரியா 100 மில்லிமீட்டருக்கு ஒரு கோடு போட்டு வெச்சிருக்கேன், மொதல்ல சாதா பேப்பர்ல ஒண்ணு எடுத்து ஸ்கேல் வெச்சு அந்தக் கோட்டை அளந்து பாத்துட்டுதான் ஸ்டிக்கர் ஷீட்டே குடுப்பேன். ஷீட்டும் லேசருக்குன்னு போட்டதா இருக்கணும், இங்க்ஜெட் ஷீட்டைப் போட்டா சூட்டுல இளகி அவங்க மெஷினுக்குள்ள ஒட்டிக்கும், பாவம் கடைக்காரர். பிரிண்ட் வந்ததும் மேல டிரான்ஸ்பரன்ட் டேப்பை சுருக்கம் இல்லாம ஒட்டிட்டு, அப்புறம் ஸ்டீல் ஸ்கேலும் புது பிளேடும் வெச்சு வெட்டுங்க, கத்திரிக்கோல் வேண்டாம், ஓரம் தூக்கிக்கும்.

இங்க்ஜெட் பிரிண்டும் வேண்டாம், போர்டு தொடைக்கிற ஐபிஏ (ஐசோப்ரோபைல் ஆல்கஹால்) பட்டா மை கரைஞ்சு ஓடிரும். தெர்மல் பேப்பர் அதை விட மோசம், அதே ஐபிஏ பட்டா மொத்தமா கறுத்துரும், படலேன்னாலும் நாள்பட மங்கிரும். இப்ப கைக்கடக்கமா ஆன்லைன்ல கெடைக்கிற குட்டி தெர்மல் பிரிண்டர் மலிவா இருக்குன்னு நெறைய பசங்க வாங்குறாங்க, டப்பா மேல ஒட்ட சரி, தயவு செஞ்சு சிப்பு மேல வேண்டாம். பிரதர் பி டச் மாதிரி டேப் பிரிண்டர் இருந்தா 6 மில்லிமீட்டர் டேப் அருமையா இருக்கும், எழுத்துக்கு மேல லேமினேஷன் இருக்கறதால அழியாது, ஆனா 8 மீட்டர் கேசட் வெலை கையைக் கடிக்கும், ஒவ்வொரு லேபிளா அடிச்சா முன்னாடி டேப் வேற வீணாப் போகும், அதனால பத்து இருபது சேத்து ஒரே நீளமா அடிங்க. நெறைய தேவைப்படுறவங்க நகைக்கடைக்கு டேக் அடிச்சுக் குடுக்கிறவங்கள்ட்ட கேட்டுப் பாக்கலாம், அந்த பாலியஸ்டர் டேக்ல ரெசின் ரிப்பன் (சூட்டுல மை ஒட்டுற நாடா) போட்டு அடிச்சா நகத்தால சொரண்டினாலும் லேசுல போகாது.

லேபிள்ல சிப்போட நம்பரை மறுபடியும் எழுதுங்க, ஏன்னா கம்பெனி நம்பரைத்தான் நாம மறைக்கிறோம். அப்புறம் சாக்கெட் நம்பர், வெர்ஷன், செக்சம் (புரோகிராம் மாறாம இருக்கான்னு சரி பாக்கிற நம்பர்), தேதி. 1ஆவது கால் பக்கம் இருக்கிற வெட்டை மறைக்காதீங்க.

பாலிடெக்னிக், ஐடிஐ லேப்ல இருக்கிற சாருங்களுக்கு ஒரு வேண்டுகோள். 7400, 7408 மாதிரி லாஜிக் கேட் ஐசியைப் பசங்க பிரெட்போர்டுல (சால்டர் இல்லாம சர்க்யூட் போட்டுப் பாக்கிற ஓட்டைப் பலகை) குத்தும்போது எந்தக் கால் எதுன்னு தெரியாம பவரை மாத்திக் குடுத்து சுட்டுர்றாங்க. காலுக்குக் கால் இடைவெளி 2.54 மில்லிமீட்டர், அது அச்சு கணக்குல சரியா 7.2 பாயிண்ட், லிபர் ஆபீஸ்ல வரி இடைவெளியை ஃபிக்ஸட்னு மாத்தி 7.2 பாயிண்ட் குடுத்தா 7 வரியும் 7 காலுக்கு நேரா வந்து உக்காந்துக்கும், எழுத்து 4 பாயிண்ட் வெச்சு இடது பக்கம் ஒரு பேரு வலது பக்கம் ஒரு பேரு. நான் என் பொண்ணுக்கு இப்படித்தான் செஞ்சு குடுத்தேன், அவ கிளாஸ்ல எல்லாரும் கேட்டு வாங்கிட்டுப் போயிருக்காங்க. ஒரு ஷீட்டு பிரிண்ட் போட்டா லேப்ல இருக்கிற அத்தனை ஐசிக்கும் வருஷம் பூரா வரும். இந்த லீவு முடிஞ்சு காலேஜ் தெறக்கறதுக்குள்ள யாராவது ஒருத்தர் செஞ்சு பாத்தா ரொம்ப சந்தோஷப்படுவேன்ங்க.

இப்படிக்கு,
ஒரு போர்டு சர்வீஸ் தொழிலாளி,
கோயம்புத்தூர்