ஞாயிறு வேதபாடத்துக்கு ஒரு கேள்வியோடு வாருங்கள்

அனைவருக்கும் ஸ்தோத்திரம். ஞாயிறு மாலை 5 மணிக்கு வழக்கம்போல அஸ்தம்பட்டி வீட்டில் கூடுகிறோம். இந்த முறை ஆளுக்கு ஒரு கேள்வி கொண்டுவாருங்கள். "இதையெல்லாம் கேட்கலாமா?" என்று உள்ளேயே வைத்திருக்கிறீர்களே, அதுதான் வேண்டும்.

அதற்குள் பைபிளில் ஆபகூக் தீர்க்கதரிசியின் புத்தகத்தைப் படித்துவிடுங்கள். 3 அதிகாரம்தான், ஏற்காட்டு பஸ் 20 கொண்டை ஊசி வளைவையும் ஏறுவதற்குள் முடிந்துவிடும். "எதுவரைக்கும்?" என்று கர்த்தரிடமே முறையிட்டவர்தான், கடைசியில் அத்திமரம் துளிர்விடாவிட்டாலும் மகிழ்வேன் என்கிறார். கேள்வியை விழுங்கியிருந்தால் அந்தப் பாட்டு வந்திருக்குமா? எனக்குச் சந்தேகம்தான். இயேசு உயிர்த்ததைப் பார்க்காமல் நம்பமாட்டேன் என்ற சீடர் தோமாவையும் நாம் சும்மா திட்டுகிறோம். "என் ஆண்டவரே, என் தேவனே" என்றது அவர்தானே.

கூச்சமாக இருந்தால் பெயர் போடாமல் சீட்டில் எழுதித் தாருங்கள். அப்புறம், தட்டுவடை செட் யார் வாங்கி வருகிறீர்கள்?