ஓர் இரவுக்காக நிறுவிய நெட்கேட்

வெள்ளவத்தை,
கொழும்பு 06.

அன்புள்ள நண்பருக்கு,

மட்டக்களப்பிலிருந்து நீர் எழுதிய கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. அம்மாவின் முழங்கால் வலி குறைந்தது அறிந்து ஆறுதல் அடைந்தேன். புதிதாகப் பொறுப்பேற்ற சேர்வரில், வலையமைப்பு இணைப்புகளைச் சோதிக்கும் சிறு கருவியான நெட்கேட்டை நிரந்தரமாக வைத்திருக்கலாமா என்று கேட்டிருந்தீர். வேலை முடிந்த அன்றே நீக்கிவிடும் என்பதே என் பதில்.

சென்ற மாதம் ஓர் இரவு பதினொரு மணிக்கு எங்கள் கணக்கு மென்பொருளால் தரவுத்தளத்தை எட்ட முடியவில்லை. சேர்வரோ மிகக் குறைந்த பொதிகளோடு (நிறுவத் தயாரான மென்பொருள் தொகுப்புகளோடு) அமைத்த டெபியன் 12 என்ற லினக்ஸ் இயங்குதளம். அதில் வெறுமனே நெட்கேட் என்று கேட்டால் நிறுவ மறுத்துவிடும். ஓப்பன்பிஎஸ்டி வகையா, பழைய ட்ரெடிஷனல் வகையா என்று நாமே குறிப்பிட வேண்டும். நான் எப்போதும் முன்னதையே எடுப்பேன், ஏனெனில் பின்னதில், வருகிற இணைப்பை நேரே ஒரு ஷெல்லிடம் (கட்டளைகளை வாங்கி நிறைவேற்றும் நிரலிடம்) ஒப்படைக்கும் வசதி இருக்கிறது. உள்ளே நுழைந்த அந்நியனுக்கு அதைவிட வசதியான கதவு வேறில்லை. நிறுவியதும் எங்கள் தரவுத்தள மென்பொருளான போஸ்ட்கிரெஸின் 5432 போர்ட்டை, அதாவது அது இணைப்புகளை ஏற்கும் எண்ணிட்ட வாசலைத் தட்டிப் பார்த்தேன். இணைப்பு மறுக்கப்பட்டது என்று உடனே வந்திருந்தால், மறுபக்கக் கணினி விழித்திருக்கிறது, போர்ட்டில்தான் ஆளில்லை என்று பெரும்பாலும் கொள்ளலாம். அன்று எந்தப் பதிலும் வரவில்லை, திரையில் கேர்சர் மட்டும் மின்னிக்கொண்டிருந்தது. காலவரை கொடுக்காவிட்டால் லினக்ஸ் இரண்டு நிமிடத்துக்கு மேல் அப்படியே காத்திருக்கும் என்பதால், மூன்று வினாடி என்று வரையறுத்து மீண்டும் முயன்றேன். அதே மௌனம். அனுமதியில்லாத இணைப்புகளைத் தடுக்கும் தீச்சுவர்தான் விழுங்குகிறது என்று புரிந்தது. மாலையில் மாற்றிய விதியில் ஐபி முகவரியின் கடைசி எண் பிழையாக இருந்தது.

நிறுவுவதைவிட நீக்குவதில்தான் கவனம் வேண்டும். சில வருடங்களுக்கு முன்பு தேவையற்ற பொதியொன்றை நீக்கிவிட்டு, யோசிக்காமல், துணையாக வந்து இனித் தேவைப்படாத பொதிகளை நீக்கும் ஆட்டோரிமூவ் கட்டளையையும் கொடுத்தேன். அந்தப் பொதிக்குத் துணையாக வந்திருந்த சோகேட் என்ற இணைப்புக் கருவியும் கூடவே போய்விட்டது. எங்கள் இரவுநேரக் காப்புப்பிரதி ஸ்கிரிப்ட் அதை நம்பியிருந்ததை நான் அறியவில்லை; நான்கு நாட்கள் காப்புப்பிரதி எடுக்கப்படவேயில்லை என்பதைப் பிறகே கண்டேன். அன்றிலிருந்து எதையும் நீக்குமுன் ஒத்திகைக் கட்டளை கொடுத்து, எவையெல்லாம் போகப்போகின்றன என்ற பட்டியலை வரிவரியாக வாசிக்கிறேன். துணையாக வந்தவற்றில் நமக்கு வேண்டியதை டெபியனின் பொதி மேலாளரான ஏபிடியின் ஏபிடி-மார்க் கட்டளை கொண்டு, நாமே கேட்டு நிறுவியதாகக் குறித்துவிடுகிறேன். வலையமைப்புப் போக்குவரத்தைப் பதிவுசெய்யும் டிசிபிடம்ப் போன்றவற்றுக்கு, வெறுமனே நீக்கும் ரிமூவ் கட்டளை போதாது, அமைப்புக் கோப்புகளையும் அழிக்கும் பேர்ஜ் வேண்டும். இல்லையேல் அமைப்புக் கோப்பு தங்கி, பொதிப் பட்டியலில் 'ஆர்சி' என்ற இரண்டு எழுத்துகளுடன் நின்றுவிடும்.

ஒரு போர்ட் திறந்திருக்கிறதா என்று மட்டும் அறிய எதையும் நிறுவ வேண்டியதேயில்லை. பாஷ் ஷெல்லுக்குள்ளேயே டெவ்-டிசிபி என்றொரு வழி உண்டு. கோப்பைத் திறப்பதுபோல முகவரியையும் போர்ட்டையும் எழுதினால் ஷெல் தானே இணைந்து பார்க்கும். முதலில் அதை முயன்று பாரும்.

உமது சேர்வரில் ஏபிடியின் ஹிஸ்டரி பதிவேட்டையும் ஒருமுறை திறந்து பாரும். எந்தக் கட்டளை எப்போது கொடுக்கப்பட்டது என்பதும், நிர்வாகி உரிமையில் கட்டளையிட உதவும் சூடோ வழியாக என்றால் கொடுத்தவரின் பயனர்பெயரும் அதில் இருக்கும். முன்பு அங்கே இருந்தவர் எவற்றை நிறுவிவிட்டுப் போனார் என்று அடுத்த கடிதத்தில் எழுதும். சேர்ந்து பார்த்து ஒவ்வொன்றாக நீக்கலாம்.

அன்புடன்,
உமது பழைய வகுப்புத் தோழன்